குகையில் இருந்த போர்வை

சீனாவின் வடமேற்கே கான்சு மாகாணத்தில், மஞ்சளாற்றை ஒட்டிய வறண்ட மலைகளில் ஆடு மேய்ப்பவர் ஜூ கெமிங். 2021 மே 22 அன்று அவர் மேய்ச்சலில் இருந்தபோது காற்று திடீரென்று வலுத்தது. மழை கொட்டியது, குளிர் இறங்கியது. அவர் ஒரு குகைக்குள் ஒதுங்கினார். ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று துணிமணியும் கொஞ்சம் உணவும் முன்பே அங்கே வைத்திருந்தார்.

குகையிலிருந்து பார்த்தபோது, கொட்டும் மழையில் ஒரு மனிதர் அசையாமல் நிற்பது தெரிந்தது. அது ஓர் ஓட்டப்பந்தய வீரர். அவரை உள்ளே அழைத்து வந்து நெருப்பு மூட்டி, நனைந்த உடுப்புகளை உலர்த்தக் கொடுத்தார் ஜூ. பிறகு இன்னும் நான்கு பேர் நடுங்கியபடி வந்து சேர்ந்தார்கள். வெளியே நினைவிழந்து கிடந்த ஆறாமவரைச் சுமந்து வந்து போர்வையால் சுற்றினார். மூன்று ஆண்கள், மூன்று பெண்கள் என ஆறு பேரும் பிழைத்தார்கள்.

அதே நாள், அதே மலையில் 21 பேர் இறந்துபோனார்கள்.

இறந்தவர்கள் மலையேறத் தெரியாதவர்கள் அல்லர். 100 கிலோமீட்டர் மலையோட்டத்துக்கு வந்த 172 பேரில் அவர்களும் அடக்கம். சீனாவின் முன்னணி நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களில் ஒருவரான லியாங் ஜிங்கும் இறந்தவர்களில் ஒருவர். மே மாதக் காலை. பெரும்பாலோர் அரைக்கால் சட்டையிலும் மெல்லிய பனியனிலும் கிளம்பினார்கள். பாதை சுமார் 2,000 மீட்டர் உயரத்துக்கு ஏறும் பகுதியில் சூறைக்காற்றும் ஆலங்கட்டியும் உறையும் மழையும் ஒன்றாக வந்து தாக்கின. அங்கே வண்டி ஏற வழியில்லை. ஒதுங்க மரமும் இல்லை. காற்றைத் தடுக்கும் மேலாடை கட்டாயப் பொருள்களின் பட்டியலில் இல்லை. ‘கொண்டுவருவது நல்லது’ என்ற பட்டியலில்தான் இருந்தது. இரவில்தானே குளிரும் என்று நினைத்துப் பலர் தங்கள் மேலாடையை, பாதையில் பின்னால் வரப்போகும் நிலையத்துக்கு மூட்டையாக முன்கூட்டியே அனுப்பிவிட்டிருந்தார்கள்.

மாற்றுடுப்பு இருந்தது. ஆனால் மூட்டை மலைக்கு அந்தப் பக்கம், ஆள் இந்தப் பக்கம். அந்த ஆறு பேரின் உயிர் தங்கியதற்கு ஜூவின் நல்ல மனம் முதற்காரணம். அடுத்த காரணம், அவருடைய துணிமூட்டை உலர்ந்தும் கைக்கெட்டும் தூரத்திலும் இருந்தது. ஒரு சாதாரணத் துணிமூட்டைக்கு இத்தனை வலிமை எங்கிருந்து வருகிறது?

துணி சூடு தராது

கம்பளி சூடு தரும் என்கிறோம். உண்மையில் எந்தத் துணியும் சூடு தருவதில்லை. ஐஸ் வியாபாரியைக் கேட்டால் தெரியும். வெயிலில் ஐஸ்கட்டி உருகாமலிருக்க அவர் அதை மரத்தூளில் புதைத்துச் சாக்கால் மூடுகிறார். சாக்கு சூடு தரும் பொருளாக இருந்தால் ஐஸ் அன்றோ முதலில் உருக வேண்டும்? வெளியிலுள்ள வெப்பம் உள்ளே போகாமல் சாக்கு தடுக்கிறது. அதே சாக்கை நாம் போர்த்திக்கொண்டால், உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே விடாது.

தடுக்கும் வேலையைச் செய்வது நூலிழை அல்ல, இழைகளுக்கிடையே மாட்டிக்கொண்டிருக்கும் காற்று. அசையாத காற்று வெப்பத்தை மிகச் சிரமப்பட்டே கடத்தும். கம்பளியின் சுருள் இழைகள், ஸ்வெட்டரின் பின்னல், பஞ்சு மெத்தையின் உப்பல் எல்லாம் காற்றை அடைத்து வைக்கும் சிறுசிறு அறைகள்தாம்.

உள்ளிருக்கும் அடுப்பு நம் உடல். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய உடலில் சுமார் 100 வாட் வெப்பம் உண்டாகிறது. பழைய குண்டு பல்பு ஒன்றுக்குச் சமம். மலையேறும்போதோ ஓடும்போதோ இது ஐந்தாறு மடங்காகப் பெருகும். அதனால்தான் குளிர்க்காற்றில் ஓடுபவருக்கு ஒற்றைப் பனியனே போதுமாக இருக்கிறது. ஓடும்வரை அடுப்பு எரிகிறது. கால் சுளுக்கி உட்கார்ந்தாலோ, வழி தவறி நின்றாலோ, களைத்துச் சாய்ந்தாலோ சில நிமிடங்களில் அது ஒற்றைப் பல்பாகச் சுருங்கிவிடும். உடுப்போ இன்னும் ஓடுகிறவருக்கான உடுப்புதான். போதாக்குறைக்கு வியர்வையில் ஊறிப்போனது.

வெளியிடங்களில் குளிரால் வரும் ஆபத்துகளில் பல இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. போகும் வழியை நினைத்து உடுத்துகிறோம். நின்றுபோகும் இடத்தை நினைத்து யாரும் உடுத்துவதில்லை. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் மாற்றுத்துணி.

ஒரு டம்ளர் தண்ணீர்

கோடையில் மண்பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டி வைக்கிறோம். துணியிலுள்ள நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பானைத் தண்ணீர் சில்லென்றாகிறது. ஈர உடுப்போடு காற்றில் நிற்கும் மனிதரும் ஈரத்துணி கட்டிய பானைதான். நாம் விரும்பிச் செய்யும் குளிரூட்டலை அவர் விரும்பாமலே அனுபவிக்கிறார்.

எவ்வளவு வெப்பம் போகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். தடித்த ஜீன்ஸ், பருத்திச் சட்டை, உள்ளாடை எல்லாம் தொப்பலாக நனைந்தால் ஒரு லிட்டர் நீரைச் சுலபமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். சும்மா இருக்கும் உடல் தரும் 100 வாட் வெப்பம் முழுவதையும் கொண்டு இந்த ஒரு லிட்டரை உலர்த்த ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அத்தனை நேரமும் உடலின் வேறெந்தத் தேவைக்கும் வெப்பம் மிஞ்சாது.

இன்னொரு பக்கமாகவும் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் வெப்பநிலையை 1 டிகிரி குறைக்க 210 கிலோஜூல் அளவு வெப்பம் வெளியேறினால் போதும். இயல்பான 37 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு இறங்க 420 கிலோஜூல். 175 மில்லி நீர், அதாவது ஒரு டம்ளர் தண்ணீர் ஆவியானாலே இவ்வளவு வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். மருத்துவர்கள் ‘ஹைப்போதெர்மியா’ என்று சொல்லும் தாழ்வெப்ப நிலை அந்த 35 டிகிரிக்குக் கீழே தொடங்குகிறது. நல்லவேளையாக ஆவியாவதற்கான வெப்பம் முழுவதும் உடலிலிருந்து மட்டும் போவதில்லை; சுற்றியுள்ள காற்றும் ஒரு பங்கைத் தருகிறது. உடலும் நடுங்கி நடுங்கிப் புது வெப்பத்தை உண்டாக்குகிறது. ஆனாலும் பந்தயத்தின் மறுபக்கம் எவ்வளவு பலமானது என்பதை அந்த டம்ளர் சொல்லிவிடுகிறது.

ஈரத்துக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். துணி நனையும்போது காற்று இருந்த அறைகளில் நீர் குடியேறுகிறது. தடுப்புச் சுவராக இருந்தது இப்போது வடிகாலாகிவிடுகிறது.

ராத்திரி ஆம்னி பஸ்ஸில் ஏறும் முன் மழையில் நனைந்தவர்களுக்கு இது அனுபவப் பாடம். ஏசி பஸ்ஸுக்குள் 22, 23 டிகிரிதான் இருக்கும். பக்கத்து இருக்கைக்காரர் சுகமாகத் தூங்குவார். நமக்கோ பல் கிட்டும். அவர் உலர்ந்திருக்கிறார், நாம் நனைந்திருக்கிறோம் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. தாழ்வெப்பத்துக்குப் பனிமலை வேண்டியதில்லை என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். 10 டிகிரிக் குளிரில் மழையும் காற்றும் சேர்ந்தால் போதும். ஈரமில்லாத உறைபனியைவிட அது மோசமாகக்கூட இருக்கலாம்.

‘ஈரத்துணியோடு நிற்காதே, சளி பிடிக்கும்’ என்று வீட்டில் சொல்வார்கள். சளியைக் கொண்டுவருவது வைரஸ், ஈரத்துணி அல்ல. காரணம் பிசகாக இருந்தாலும் அந்தக் கண்டிப்பில் பிசகில்லை.

பருத்தியும் கம்பளியும்

எல்லாத் துணியும் ஒரேபோல் நனைவதில்லை. பருத்தி இழைக்கும் நீருக்கும் அவ்வளவு நெருக்கம். நம் ஊர் வெயிலுக்கு அது வரம்: வியர்வையை உறிஞ்சும், மெல்ல உலரும், உலரும் நேரமெல்லாம் குளிர்விக்கும். அதே வரம் குளிர்மலையில் சாபம். நனைந்த பருத்தி தொய்ந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். காற்றுக்கு இடமே இருக்காது.

பாலியெஸ்டர் இழை நீரை ஏறக்குறைய உள்ளே விடுவதே இல்லை. சாதாரண ஈரப்பதமுள்ள அறையில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் நீரைப் பிடித்து வைத்திருக்கும்போது, பாலியெஸ்டர் பிடிப்பது அரை சதவீதத்துக்கும் குறைவு. அதனால்தான் ‘ஃப்ளீஸ்’ எனப்படும் பஞ்சுபோன்ற பாலியெஸ்டர் மேலாடை நனைந்தாலும் பிழிந்து உதறினால் பாதி உலர்ந்துவிடுகிறது.

கம்பளியின் கதை வேறு. அது நீராவியைத் தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை இழைக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். தொட்டால் ஈரமாகவே தெரியாது. நீராவியை வாங்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடும். நனைந்தாலும் இழையின் சுருள் முழுதாக நிமிர்ந்துவிடுவதில்லை. காற்றறைகளில் ஒரு பகுதி தப்பிக்கிறது. ஆட்டின் மேல் இருந்தபோது மழையில் நின்று பழகிய இழை அல்லவா? மலைக்குப் போகும் மூட்டையில் பருத்தி டீஷர்ட் நான்கு இருப்பதைவிடக் கம்பளி ஸ்வெட்டர் ஒன்று இருப்பது மேல்.

காற்று கொண்டுபோவது

அசையாத காற்று காவலாளி. அசையும் காற்று திருடன். தோலை ஒட்டிச் சூடான மெல்லிய காற்றுப் படலம் ஒன்று எப்போதும் நம்மைச் சூழ்ந்திருக்கிறது. காற்று வீசும்போது அந்தப் படலம் பறிபோகிறது. அதைத் திரும்பச் சூடாக்க உடல் மறுபடி செலவழிக்க வேண்டும்.

அண்டார்டிகாவில் 1941இல் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இரு அமெரிக்கர்கள் இதை அளந்தார்கள். தண்ணீர் நிரப்பிய சிறு பிளாஸ்டிக் குப்பியைக் கம்பத்தில் தொங்கவிட்டு, வெவ்வேறு காற்று வேகத்தில் அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார்கள். வானிலை அறிக்கைகளில் வரும் ‘காற்றுக்குளிர்’ கணக்கு அங்கிருந்து வளர்ந்ததுதான். இப்போது புழங்கும் சூத்திரத்தின்படி, 5 டிகிரி வெப்பநிலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், திறந்திருக்கும் தோலுக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே 2 டிகிரி போல இருக்கும். உலர்ந்த தோலுக்கே இந்தக் கணக்கு. நனைந்த தோலுக்கு நிலைமை இன்னும் மோசம்.

எத்தனை தடித்த ஸ்வெட்டரானாலும் அதன் கண்ணிகள் வழியே காற்று புகுந்து புறப்படும். அதற்கு மேலே காகிதம்போல் மெல்லிய மழைக்கோட்டு ஒன்று மாட்டினால் ஸ்வெட்டர் உயிர்பெறும். மழைக்கோட்டு மட்டும் தனியாக அவ்வளவு காக்காது. ஸ்வெட்டர் மட்டும் தனியாகக் காற்றைத் தாங்காது. ஒன்று அறை, மற்றொன்று கதவு. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் வீரர்கள் மலையுச்சியிலிருந்து இறங்கும் முன் செய்தித்தாளைச் சட்டைக்குள் நெஞ்சோடு திணித்துக்கொள்வதும் அந்தக் கதவுக்காகத்தான்.

பளபளவென்று மின்னும் அவசரகால அலுமினியப் போர்வையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடல் வெளிவிடும் வெப்பக் கதிர்களை அது திருப்பி அனுப்பும். காற்றையும் மழையையும் தடுக்கும். ஆனால் அதற்குள் காற்றறை எதுவும் கிடையாது. கான்சுவில் வீரர்களிடம் அந்தப் போர்வை இருந்தது; சூறைக்காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போனதாகப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். அது நல்ல கதவு, அறை அல்ல. தாழ்ப்பாளும் வேண்டும்: உடலோடு சேர்த்துக் கட்ட வேண்டும், அல்லது மேலே ஓர் ஆடை போட வேண்டும்.

முதலில் போவது புத்தி

இவ்வளவும் தெரிந்திருந்தாலும் பலர் பையில் துணி இருந்தும் அதை எடுத்துப் போடாமலே விழுந்திருக்கிறார்கள். இது சோம்பல் அல்ல, நோயின் இயல்பு.

உடல் குளிரும்போது முதலில் தோலுக்கும் கைகால்களுக்கும் போகும் ரத்தத்தைக் குறைத்து, இதயமும் மூளையும் இருக்கும் நடுப்பகுதியைக் காக்கிறது. விரல்கள் மரத்துப்போகும். ஜிப்பை இழுக்க முடியாது, பொத்தான் போட முடியாது, பையின் முடிச்சு அவிழாது. அடுத்தது நடுக்கம். நடுங்கும் தசை வெப்பத்தைப் பல மடங்கு பெருக்கும். ஆனால் கையிருப்பிலுள்ள சக்தியை வேகமாகத் தின்றுவிடும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போகப் போகப் பேச்சு குழறும், நடை தள்ளாடும், கையிலிருப்பது நழுவும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். ‘எனக்கு ஒன்றுமில்லை, விடு’ என்று சொல்பவரைத்தான் அந்த வேளையில் அதிகம் கவனிக்க வேண்டும். 32 டிகிரியை ஒட்டி நடுக்கம் நின்றுபோகும். பார்ப்பவருக்குத் தேறிவிட்டார் போலத் தோன்றும். உண்மையில் அடுப்பில் விறகு தீர்ந்துவிட்டது. கடைசிக் கட்டத்தில் சிலர் உடல் எரிவதாக உணர்ந்து இருக்கும் துணியையும் கழற்றி எறிவதுண்டு.

இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைகளில் 1964 மார்ச்சில் நடந்த நெடுநடைப் போட்டியில் மூன்று இளம் சாரணர்கள் தாழ்வெப்பத்தால் இறந்தார்கள். 1953 எவரெஸ்ட் குழுவின் உடலியல் அறிஞராக இருந்த கிரிஃபித் பியூ அந்த மரணங்களை ஆராய்ந்தார். அதே மாதிரி உடுப்பு, அதே மாதிரி ஈரம், அதே மாதிரி காற்று ஆகியவற்றை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிப் பார்த்தார். நனைந்து காற்றில் அடிபடும் உடுப்பு தன் காப்புத்திறனில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. வேகமாக நடக்கும்வரை உடல் எப்படியோ சமாளிக்கிறது. களைத்து வேகம் குறைந்ததும் கணக்கு தலைகீழாகிறது. வலிமையான இளைஞன்கூட அந்த இடத்தில் தப்புவது கடினம் என்று அவர் ஆராய்ச்சி காட்டியது.

எனவே மாற்றுவதற்குச் சரியான நேரம், மாற்றத் தேவையில்லை என்று தோன்றும் நேரம். விரல் வேலை செய்யும்போதே, புத்தி தெளிவாக இருக்கும்போதே மாற்ற வேண்டும். நின்ற ஐந்து நிமிடத்தில் உலர்ந்த பனியனுக்கு மாறிவிட வேண்டும். ‘கொஞ்சம் பார்க்கலாம்’ என்பது அங்கே நல்ல யோசனை அல்ல.

கண்ணாடிக் கூடு

மலையில் மாட்டிக்கொண்டவருக்கு ஒரு கார் கிடைத்தால் அரண்மனை கிடைத்த மாதிரி. ஆனால் கார் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று தெரிந்திருக்க வேண்டும். காற்றையும் மழையையும் தடுக்கும். குளிரை அதிக நேரம் தடுக்காது. தகடும் கண்ணாடியும் வெப்பத்தைத் தாராளமாக வெளியே விடும். காரின் ஹீட்டர் எஞ்சினிலிருந்து மிஞ்சும் வெப்பத்தைத்தான் உள்ளே தள்ளுகிறது. எஞ்சின் நின்றால் உள்வெப்பம் மெல்ல மெல்ல வெளிவெப்பத்தோடு சமமாகிவிடும்.

பாகிஸ்தானின் மலைவாசத் தலமான மர்ரீயில் 2022 ஜனவரி 7, 8 தேதிகளில் நடந்தது இதற்குச் சாட்சி. பனி பார்க்க வந்த கூட்டத்தின் வண்டிகள் பனிப்பொழிவில் இரவு முழுவதும் சாலையிலேயே புதைந்தன. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் காருக்குள்ளேயே, குடும்பத்தோடு. குளிரோடு இன்னொரு கொலையாளியும் அங்கே இருந்தது. ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிடும்போது, பின்னாலுள்ள புகைக்குழாயைப் பனி அடைத்துவிட்டால் கார்பன் மோனாக்ஸைடு வண்டிக்குள் கசியும். அதற்கு வாசனை இல்லை, நிறமில்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தூக்கம் வருவதுபோல் இருக்கும்; பிறகு எழ முடியாது.

காரிலிருக்கும் போர்வையின் உண்மையான மதிப்பு இங்கேதான் தெரிகிறது. அது குளிரைத் தடுப்பதோடு நிற்பதில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு உட்காரும் சுதந்திரத்தைத் தருகிறது. நல்ல போர்வையும் ஸ்வெட்டரும் உள்ளவர், புகைக்குழாயைச் சுற்றியிருக்கும் பனியை வழித்துவிட்டு, ஜன்னலைச் சிறிது இறக்கிவைத்து, அவ்வப்போது சிறிது நேரம் மட்டும் எஞ்சினை ஓட்டி இரவைக் கடக்கலாம். போர்வை இல்லாதவர் எஞ்சினை நம்பியே இருக்க வேண்டும். ஆனால் வெளியே இறங்கிப் பனியை வழிப்பவர் நனைவார். அவர் திரும்பி வந்து உட்கார ஓர் உலர்ந்த உடுப்பு வேண்டும்.

மூட்டை எங்கே இருக்கிறது

நமக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்கலாம். மேட்டுப்பாளையத்தில் அரைக்கைச் சட்டையோடு காரில் ஏறுபவர் ஊட்டியில் இறங்கும்போது 1,900 மீட்டர் மேலே வந்திருப்பார். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும். ஆக, மூன்று மணி நேரத்துக்குள் 12 டிகிரி. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து சாலை அடைபட்டால் அந்தச் சட்டையோடுதான் இரவைக் கழிக்க வேண்டும். வெள்ளியங்கிரிக்கு இரவில் ஏறுபவர்கள் ஆண்டிச் சுனையில் குளித்துவிட்டு ஈரத்தோடு ஏழாம் மலையின் காற்றுக்குள் போகிறார்கள். பையில் உலர்ந்த வேட்டியும் ஒரு கம்பளியும் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டை அந்தக் காற்று அறியும்.

மூட்டைக்கு அதிகம் தேவையில்லை. உடம்போடு ஒட்டும் பனியன் ஒன்று, முடிந்தால் பருத்தியல்லாதது. கம்பளி அல்லது ஃப்ளீஸ் மேலாடை ஒன்று. காற்றும் மழையும் புகாத கோட்டு ஒன்று. தளர்வான முழுக்கால்சட்டை. இரண்டு ஜோடிக் காலுறை. ஒன்று காலுக்கு, மற்றது அவசரத்தில் கைக்கு உறையாகும். நாம் கேலி செய்யும் மங்கி குல்லா. உடம்பின் வெப்பத்தில் பாதி தலைவழியாகப் போகிறது என்று பரவியிருக்கும் பேச்சு பொய். தலை நம் மேற்பரப்பில் பத்தில் ஒரு பங்குதான், வெப்ப இழப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் மற்றதெல்லாம் போர்த்தியிருக்கையில் திறந்து கிடக்கும் அந்தப் பத்தில் ஒரு பங்கை நூறு கிராம் எடையில் மூடிவிட முடியும் என்றால் அது லாபமான பேரம்தானே? கடைசியாக ஒரு துண்டு. ஈர உடம்பைத் துடைக்காமல் போட்ட உலர்ந்த சட்டை அரை மணியில் ஈரச் சட்டையாகிவிடும்.

இவை எல்லாவற்றையும் காற்றுப் புகாத இரண்டு பிளாஸ்டிக் பைகளில் போட்டுக் கட்ட வேண்டும். நனைந்த மாற்றுத்துணி வெறும் சுமை. அந்தப் பைகளுக்கும் பின்னால் வேலை உண்டு. மாற்ற ஒன்றுமே இல்லாதபோது ஈரத்துணியைப் பிழிந்து உடுத்தி, அதன்மேல் பெரிய குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டால் ஆவியாதல் நின்றுவிடும். ஈரம் போகாது, ஆனால் அந்த ஈரம் உடம்பின் சூட்டை ஏற்றிக்கொண்டு வெளியே போகாது. பானையைக் குளிர்விக்கும் தந்திரத்துக்கு இது முறிமருந்து. முகத்தை மட்டும் எப்போதும் திறந்து வைக்க வேண்டும்.

காரில் வைக்கும் மூட்டைக்குச் சில தனி விதிகள். டிக்கியில் அல்ல, பின்சீட்டுக்குக் கீழே வையுங்கள். வெள்ளத்திலோ பனியிலோ மாட்டிக்கொண்டால், விபத்தில் பின்பக்கம் நசுங்கினால் டிக்கி திறக்காது. வெயிலில் மூடிய காருக்குள் அடிக்கும் சூட்டிலும் மழைக்காலப் புழுக்கத்திலும் துணி முடை நாற்றமடிக்கும், பூஞ்சை பிடிக்கும். வருஷத்துக்கு இருமுறை எடுத்து வெயிலில் காயப்போட்டு மடியுங்கள். இறுக்கி அமுக்கி வைத்த பஞ்சு மேலாடை நாளடைவில் உப்பலை இழக்கும்; உப்பல் போனால் காற்றறையும் போனது. குழந்தைகளின் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். போன வருஷம் வைத்த ஸ்வெட்டருக்குள் இந்த வருஷத்துப் பிள்ளை நுழையாது.

நடந்து போகிறவருக்கு ஒரே விதி: மாற்றுத்துணி உங்களோடு நடக்க வேண்டும். அது விடுதியில் இருந்தாலும், கீழே நிறுத்திய வண்டியில் இருந்தாலும், முன்னால் போன நண்பரின் பையில் இருந்தாலும், கான்சு வீரர்கள் முன்கூட்டி அனுப்பிய மூட்டைக்குச் சமம்தான். நடக்கும்போது அதை உடுத்திக்கொண்டும் போகக் கூடாது. வியர்வையில் ஊறிவிட்டால் பிறகு மாற்றுவதற்கு எது மிச்சம்?

துணை ஒருவர் குளிரில் சாய்ந்துவிட்டால் முறை எளிது. காற்றிலிருந்து விலக்குங்கள். ஈரத்துணியைக் கழற்றி, துடைத்து, உலர்ந்ததைப் போட்டு, தரைக்கும் உடம்புக்கும் நடுவே ஏதாவது விரித்து, எல்லாவற்றோடும் சுற்றுங்கள். நினைவு தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் இனிப்பாகச் சூடான ஏதாவது குடிக்கக் கொடுக்கலாம். கைகாலைப் பரபரவென்று தேய்க்கக் கூடாது. மது கூடவே கூடாது. அது தோலின் ரத்தக்குழாய்களை விரியச் செய்து, உள்ளே மிஞ்சியிருக்கும் சூட்டையும் வெளியே விட்டுவிடும். நடுக்கம் நின்றவரும் மயங்கியவரும் மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்கள். அவர்களை அசைப்பதும் மெதுவாக இருக்க வேண்டும். குளிர்ந்த இதயம் அதிர்ச்சியைத் தாங்காது.

கான்சுவில் வகுத்த பட்டியலும் ஜூ கெமிங்கின் குகையும் ஒரே மலையைப் பற்றிய இரண்டு கணிப்புகள். பட்டியல் போட்டவர்கள் மே மாதத்தைப் பார்த்தார்கள். ஆடு மேய்ப்பவர் மலையைப் பார்த்தார். மே மாதத்திலும் மலை மலைதான் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் போர்வையை அவர் குகைக்குச் சுமந்துவந்த நாளில் அநேகமாக வெயில் அடித்திருக்கும். அன்று அவருக்கு அது தேவைப்பட்டிருக்காது.